பெயர் வெட்டிய டம்ளர்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நறுமுகை முதலில் கேட்பது குடிக்கத் தண்ணீர்தான். தாகத்துக்காக அல்ல. இருபது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கியதில் அவள் கற்றுக்கொண்ட முதல் தந்திரம் அது. ஒரு மடக்கு குடித்துவிட்டு, டம்ளரின் விளிம்புக்குக் கீழே கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்ப்பாள். என்னென்னவோ மாறிவிட்ட இந்த 2074-லும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. டம்ளரில் அந்த வீட்டார் பெயர் இருந்தால் சரி. வேறு பெயர் இருந்தால் அந்த வீட்டில் மேற்கொண்டு எதையும் நம்ப வேண்டியதில்லை என்பது அவள் கணிப்பு.

அடுத்தது சோபா. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்த சோபாவின் காலடியில் தரை நிறம் மாறியிருக்கும். நேற்று இறக்கியது என்றால் மாறியிருக்காது. பிறகு அரிசி டிரம். மேலே நான்கு விரற்கடை அரிசியும் கீழே பழைய துணியுமாக அவள் எத்தனையோ டிரம்களைப் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டு வரை கையை விட்டால் தெரிந்துவிடும். கடைசியாகச் சுவர். குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும், அறையும் ஜில்லென்று இருக்கும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. எப்போதும் குளிரூட்டி ஓடும் வீட்டில் சுவரும் குளிர்ந்திருக்கும். முந்தின நாள் ராத்திரி மட்டும் ஓடியிருந்தால், உள்ளங்கையை வைத்ததும் இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி சுடும்.

இதையெல்லாம் காலை பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். பத்து மணிக்கு வெயிலடைப்புச் சங்கு ஊதிவிடும். அதன்பின் நாலு மணி வரை தெருவில் யாரும் நடமாடக் கூடாது. நடமாடினால் காவலர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நிழற்கூடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள்.

நறுமுகையின் உத்தியோகப் பெயர் நிறைவு ஆய்வாளர். பெயர்தான் நிறைவு, அவள் தேடுவதென்னவோ ஏழ்மையை. கண்டுபிடித்து உதவுவதற்காக அல்ல, தள்ளிவிடுவதற்காக.

வெயில் ஏற ஏற, வெயிலில் வேலை செய்தவர்களின் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போக ஆரம்பித்தன. அப்புறம் வடிகச்சை வந்தது. இடுப்பில் கட்டிக்கொண்டால் இரத்தத்தைச் சுத்தம் செய்துவிடும். நோயாளி நடக்கலாம், படுக்கலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் ஐந்தாறு வருடத்தில் உடம்பு அதை ஏற்க மறுத்துவிடும். பிறகு இன்னொரு மனிதர் தரும் சிறுநீரகம்தான் வழி. இறந்தவர்களிடமிருந்து கிடைப்பது போதவில்லை. எனவே உயிரோடு இருப்பவர் தந்தால் அரசு அவருக்குக் கைம்மாறு செய்யும் என்று கொடைச் சட்டம் வந்தது. பணம் கிடையாது. மலைமேல் இருக்கும் குளிர்நகரில் ஒரு வீடு. அந்தக் குடும்பம் தலைமுறைக்கும் அங்கே இருந்துகொள்ளலாம்.

சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. கடன்காரன் வாசலில் நிற்க, தரகர் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு பக்கத்தை வெட்டக் கொடுத்துவிட்டு வந்த ஏழைகளின் கதை அவர்களுக்குத் தெரியும். மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தார்கள். அதனால் ஒரு விதி வைத்தார்கள். தேவையில் தவிப்பவர் தருவது மனமொப்பித் தருவது ஆகாது. ஆகவே எந்தத் தேவையும் இல்லாதவரிடம் மட்டுமே வாங்கலாம். அதாவது, ஏற்கெனவே குளிர்ந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் குளிர்நகரில் வீடு. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சட்டசபையில் யாரும் சிரிக்கவில்லை. வசதியானவர்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்கவும் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வசதியானவர்கள்போல வேஷம் கட்டியவர்கள். வங்கிக் கணக்கைக்கூட ஒரு வாரத்துக்கு நிரப்பிக் காட்டத் தரகர்கள் கிளம்பிவிட்டார்கள். எந்திரத்துக்கு இது சரிப்படாது, மனிதக் கண் வேண்டும் என்று முடிவாகி, நறுமுகை போன்றவர்களை வீட்டுக்கே அனுப்பினார்கள்.

அவள் கண் தப்பாத கண். ஒரே சோபாவை மூன்று தெருக்களில், மூன்று வீடுகளில் பார்த்து மூன்று பேரையும் தள்ளியவள். அந்தியூர் வட்டத்தில் அவளுக்குத் 'தள்ளுகிற அம்மா' என்றே பெயர். மாமியார்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அவள் அதைத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். ஏழைகளை அவர்கள் ஏழ்மையிலிருந்தே காப்பாற்றுகிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

சோதனையின் முடிவில் ஒரு சம்பிரதாயமும் உண்டு. நெஞ்சில் குத்தியிருக்கும் சாட்சிக்கண் என்ற சின்னக் கருவி எல்லாவற்றையும் பதிவுசெய்துகொண்டிருக்கும். அதன்முன் கொடுப்பவரை நிறுத்தி, "முழு மனத்தோடு தருகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். கைம்மாறு குடும்பத்துக்குப் போகிறது என்பதால், அந்தப் பதிவை எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கக் குடும்பத்தாருக்கு உரிமை இருந்தது. இருபது வருடத்தில் ஒருவர்கூட அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னதில்லை. அது எப்படி என்று நறுமுகை யோசித்ததும் இல்லை.

அன்று காலை அவள் வண்டியில் ஏறும்போது தம்பி நித்திலன் அழைத்தான்.

"அக்கா, எனக்குப் பொருத்தம் வந்துருச்சாம். இன்னிக்கு நிறைவு ஆய்வாமா. அந்தியூர் வட்டம்னு போட்டிருக்குது. உன்ற ஏரியாதானக்கா?"

"அங்க நெறைய பேர் இருக்கறோம்டா. வேற யாராச்சும் போவாங்க," என்றாள் நறுமுகை.

பொய். அந்தியூர் வட்டத்தில் அன்றைக்கு ஒரே ஒரு ஆய்வுதான். அது அவள் கையில் இருந்தது. பெறுபவர் தன் உறவு என்று தெரிந்த கணமே ஆய்வை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. ஒப்படைத்தால் வேறு ஆய்வாளர் வர நாற்பது நாள் ஆகும். நித்திலனின் உடம்பு வடிகச்சையை இன்னும் இருபது நாள் தாங்கினால் அதிகம் என்று போன வாரம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா படிக்கட்டும் என்று பதினேழு வயதில் சூரியப் பலகை துடைக்கும் வேலைக்குப் போனவன் அவன். வெயிலடைப்பு வராத அந்தக் காலத்தில் பட்டப்பகல் வெயிலில் பலகை துடைத்துத்தான் அவன் சிறுநீரகம் போயிற்று. அந்தப் படிப்பில்தான் அவள் ஆய்வாளர் ஆனாள். வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை.

சாயப்பட்டறைத் தெருவில் நடுவாந்திரமான ஒரு வீடு. வாசலில் மாமியார் ஹர்ஷினி நின்றிருந்தாள். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு ஆசையாக வைத்த பெயர். இப்போது அந்தப் பெயரில் ஊரெல்லாம் கிழவிகள். மகன் பிரணவ் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தான். கொடுக்கப்போவது அவன் மனைவி தாரிகா. இருபத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, கைவிரல்களில் சாயக்கறை.

"வாங்க மேடம், உள்ள வாங்க. குளுகுளுன்னு இருக்குது பாருங்க. எங்களுக்கெல்லாம் இது இல்லீன்னா தூக்கமே வராதுங்க," என்றாள் ஹர்ஷினி.

நறுமுகை பழக்கதோஷத்தில் தண்ணீர் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்றிருந்தது. தாரிகா கொண்டுவந்து நீட்டினாள். கட்டைவிரலால் தடவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எழுத்து நறுமுகையின் முகத்துக்கு நேராக இருந்தது: செல்லாண்டி வாடகைப் பாத்திரம், 37.

நறுமுகை கருவியில் படுமுன் டம்ளரைத் திருப்பி, எழுத்து தன் உள்ளங்கைக்குள் போகும்படி பிடித்துக்கொண்டாள். "டம்ளர், சொந்தப் பெயர்," என்று சாட்சிக்கண்ணுக்குச் சொன்னாள். குரல் நடுங்காமல் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சோபாவுல தூசி இருக்குதுங்க, இருங்க," என்று தாரிகா கைப்பிடியில் போட்டிருந்த துணியை உருவினாள். கீழே சுருட்டு சுட்ட ஓட்டை ஒன்று வெளியே வந்தது. நறுமுகைக்கு அந்த ஓட்டை நன்றாகத் தெரியும், வாடகைக்குச் சுற்றும் அதே சோபா. முந்தின மாதம் எதிர்வரிசை வீட்டில் அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் ஒருத்தியைத் தள்ளினாள். ஹர்ஷினி மருமகளை முறைத்தாள். இவள் என்ன இப்படி விவரம் கெட்டவளாக இருக்கிறாள், தன் குட்டைத் தானே உடைக்கிறாளே என்று நறுமுகைக்கும் எரிச்சல் வந்தது. "இருக்கைகள், பழைய புழக்கம்," என்றாள்.

சமையலறையில் தாரிகாவே அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நறுமுகை அரிசியின் மேல் விரல் நுனியை மட்டும் வைத்து எடுத்தாள். "நிறைய இருக்கிறது." கூடத்துக்கு வந்ததும் தாரிகா விடவில்லை. "இந்தச் செவுத்தோரமா வாங்கம்மா, இங்கதான் காத்து நல்லா வரும்," என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாள். சுவரின் சூடு ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே முகத்தில் அடித்தது. நறுமுகை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சுவர், குளிர்ச்சி," என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் தன் குரலைத் தானே கேட்கக் கூசியது.

பிறகு சம்பிரதாயக் கேள்வி. தாரிகா சாட்சிக்கண்ணைப் பார்க்காமல் நறுமுகையின் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்வாள் என்று காத்திருப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் பிரணவ் தொண்டையைக் கனைத்தான்.

"குடுக்கறேனுங்க," என்றாள் தாரிகா.

சான்று பதிவாகிவிட்டது. ஹர்ஷினி மேலே பார்த்துக் கும்பிட்டாள். நறுமுகை யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து, சாட்சிக்கண்ணை அணைத்தாள். அதற்குள் பின்னாலேயே ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் மறந்துவிட்டு வந்த குடையோடு தாரிகா நின்றாள்.

"ஏனுங்கம்மா, டம்ளர்ல இருந்த பேரைப் பார்த்தீங்கல்லங்க?"

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நறுமுகை நினைத்தாள். "பார்த்தேன் கண்ணு. பயப்படாத, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஐயோ, சொல்லுவீங்கன்னுதானுங்களே அந்த டம்ளர்ல குடுத்தேன்!"

நறுமுகைக்கு ஒன்றும் புரியவில்லை. தாரிகா வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, குடையை நீட்டிய கையை எடுக்காமலே தணிந்த குரலில் பேசினாள்.

"எங்க தெருவுல, ஊட்டுல வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்ல முடியாதவங்கெல்லாம் உங்களைத்தானுங்க நம்பியிருக்கறோம். அந்தக் கருவி முன்னாடி எப்புடிங்க சொல்றது? போட்டுப் பார்ப்பாங்கல்ல. எதுத்த ஊட்டுச் சுகிர்தா சோபாத் துணியை வேணும்னுதான் எடுத்துட்டா. நீங்க தள்ளீட்டீங்க. அவ மாமியா உங்களைத்தான் ரெண்டு நாளா திட்டுனா. அவளை ஒண்ணுஞ் சொல்லல. அதுக்கு முன்னால பாத்திரம், அரிசி, எல்லாம் அப்புடித்தானுங்க. நீங்க எங்க எங்க பார்ப்பீங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

இத்தனை வருடம் நறுமுகை கண்டுபிடித்ததாக நினைத்ததில் எத்தனை அவளுக்காகவே எடுத்து வைத்தவை? கூர்மையான கண் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு எவ்வளவு பூரித்திருக்கிறாள்! அந்தப் பெண்கள் சொல்ல முடியாததை அவள் வாயால் சொல்லவைத்திருக்கிறார்கள். அவளுக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

"உனக்குக் குளிர்நகர் போக ஆசை இல்லையா?" என்றாள் எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

"ஆசை இல்லாமயா இருக்கும்? ஆனா எங்கம்மா வடிகச்சையோடதானுங்க செத்தாங்க. அவங்களைப் பெத்த அம்மாயியும் அப்புடித்தான். எனக்கு இப்பச் சரியாத்தான் இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு இருக்கறப்பவே எனக்குப் பயந்து பயந்து வருது. ஒண்ணோட நான் எப்புடிங்க இருப்பேன்?" தாரிகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னாங்களே. எனக்கு மட்டும் ஏனுங்க தப்புச்சு?"

தாரிகா நறுமுகையின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"உங்க ஊட்டு ஆளுக்குங்களா?"

நறுமுகை தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது அந்த நேரத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூட நிமிர்ந்திருக்க மாட்டாள். தாரிகா குடையை இருக்கையில் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பி நடந்தாள்.

சங்கு ஊத இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதுவரை சான்றை ரத்துசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆய்வாளரே சாட்சிக்கண் முன் "என் பார்வை தவறு" என்று சொல்வது. அந்த வீட்டாரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவளை விசாரிப்பார்கள். பெறுபவர் யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவள் வேலை போகும். நித்திலன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். இரண்டாவது வழி, கொடுப்பவரே மனம் மாறிவிட்டதாகச் சொல்வது.

கைப்பேசி ஒலித்தது. நித்திலன் அழுதுகொண்டிருந்தான், அல்லது சிரித்துக்கொண்டிருந்தான், அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. "அக்கா, சான்று வந்துருச்சுக்கா! யாரோ எவரோ, அந்த ஊட்டுக்காரங்க நல்லா இருக்கோணும். நீயும் சாமி கும்பிட்டுக்க. அவங்க மனசார குடுத்திருக்காங்கன்னு அதுல போட்டிருக்குதுக்கா."

"சரிடா," என்றாள் நறுமுகை. அவ்வளவுதான் வந்தது.

அழைப்பு முடிந்தபின் சாட்சிக்கண்ணை மறுபடி முடுக்கினாள். மூன்றே சொற்கள். உதட்டைப் பிரித்தாள். இடுப்பில் வடிகச்சையைச் சுற்றிச் சிவந்து தடித்துப்போன தம்பியின் தோல் கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டு, கருவியை அணைத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கி, மறுபடி அந்த வீட்டுக்குள் போனாள். ஏதோ சரிசெய்யத்தான் போகிறோம் என்று படியேறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூடத்தில் பிரணவ் அதற்குள் வாடகைக் கடைக்காரரைக் கைப்பேசியில் அழைத்துச் சோபாவை எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வெலவெலத்துப்போய்ப் பேச்சை நிறுத்தினான்.

"ஒண்ணுமில்ல. சட்டப்படி அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்கணும்," என்றாள் நறுமுகை. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருந்தீங்கன்னா..."

"நாங்க இருந்தா என்னங்க மேடம்?" என்றாள் ஹர்ஷினி. "பதிவைப் பார்க்கத்தானே போறோம். ஏன் சாமி தாரிகா, நாங்க இருந்தா உனக்கென்னமோ கூச்சமா?"

தாரிகா சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றாள். நறுமுகை அவள் எதிரில் போய் நின்று, சாட்சிக்கண்ணை முடுக்கி, அதற்குத் தெரியாமல் தலையை இலேசாக அசைத்தாள். சொல்லிவிடு, வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த அசைவைத் தாரிகா பார்த்தாள். ஹர்ஷினியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மறுபடி நறுமுகையைப் பார்த்தாள். தான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இந்த அம்மா என்னைச் சொல்லச் சொல்கிறாள் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. முகத்தில் கோபம் வரவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"முழு மனத்தோடு..." என்று நறுமுகை ஆரம்பித்தாள்.

"முழு மனசோடதானுங்க குடுக்கறேன்," என்றாள் தாரிகா, கேள்வி முடிவதற்குள்ளேயே. "ஆரும் என்னைக் கட்டாயப்படுத்துல. வாங்கற ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லுங்க, அதை நல்லாப் பார்த்துக்கச் சொல்லுங்க."

பதிவு முடிந்தது. இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் சம்மதம். இனி எந்த நீதிமன்றத்திலும் அதை அசைக்க முடியாது.

நறுமுகைக்கு முதலில் வந்தது நிம்மதி. தம்பி பிழைத்துவிட்டான் என்ற எண்ணம் வந்து, பிடித்துவைத்திருந்த மூச்சு அவளை அறியாமல் பெருமூச்சாக வெளியே போனது. எதிரே நின்ற தாரிகா அதைக் கேட்டாள். கேட்டது அவள் முகத்தில் தெரிந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது அதன்பின் அவளை விட்டுப் போகவே இல்லை.